பாகம் பிரிக்கப் பிறந்த கணக்கு: அறிஞர் அல்குவாரிஸ்மியின் வாழ்வும் பணியும்

ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குக் கணக்கு கசக்க ஆரம்பிப்பது நோட்டில் எக்ஸ் என்ற எழுத்து வந்த பிறகுதான். அதுவரை எண்களோடு இருந்த பாடத்தில் எழுத்து ஏன் வந்தது, கோவையைச் சுருக்குக என்றால் எதைச் சுருக்குவது, சமன்பாட்டைத் தீர்த்தால் வாழ்க்கையில் எது தீரப்போகிறது என்று கேட்கிறார்கள். கோவை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இயற்கணிதக் கோவை மட்டும் அந்நியமாகிவிட்டதே என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அல்ஜீப்ரா என்ற இந்தப் பாடத்தின் பெயரே ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை நூலின் தலைப்பில் வைத்து, அதைத் தனிக் கலையாக வகுத்துத் தந்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர். அவர் அந்த நூலில் ஏறத்தாழப் பாதியை எதற்காக ஒதுக்கினார் என்று அறிந்தால் பலரும் வியப்பார்கள். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தை வாரிசுகளுக்குச் சரியாகப் பிரித்துக் கொடுப்பதற்காக! அவர்தான் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி (ரஹ்).

குவாரிஸ்மும் பாக்தாதும்

அல்குவாரிஸ்மி கி.பி. 780 (ஹிஜ்ரி 164) வாக்கில் பிறந்தவர். அவர் பெயரில் உள்ள குவாரிஸ்ம், ஆரல் கடலுக்குத் தெற்கே அமு தரியா நதி பாயும் வளமான பகுதி. இன்று அது உஸ்பெகிஸ்தானிலும் துர்க்மெனிஸ்தானிலும் பிரிந்து கிடக்கிறது. அந்த மண்ணின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அவருடைய அறிவுப் பணி முழுவதும் நடந்தது பாக்தாதில்.

பாக்தாத் அப்போது புதிய நகரம். அப்பாஸிய கலீஃபா அல்மன்சூர் 762இல் அடிக்கல் நாட்டிய அந்நகரம், இரண்டே தலைமுறைக்குள் உலகின் பெரிய நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது. அல்குவாரிஸ்மியின் இளமையில் ஹாரூன் அர்ரஷீத் ஆட்சி நடந்தது. பின்னர் 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீஃபா அல்மஃமூனின் காலத்தில்தான் அவருடைய திறமை முழுமையாக வெளிப்பட்டது.

அல்மஃமூனின் ஆதரவில் பைத்துல் ஹிக்மா என்ற அறிவு இல்லம் செழித்தது. கிரேக்கம், சுர்யானி, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் அறிவுச் செல்வம் அரபுக்கு வந்து கொண்டிருந்த காலம் அது. முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் யூதர்களும் அந்நகரத்தின் அறிவுப் பணியில் பங்கு கொண்டார்கள். புகழ்பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவ மருத்துவர். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதைப் பெற்றுக் கொள்வது, பெற்றதைச் சோதிப்பது, சோதித்ததை வளர்ப்பது என்பதே அந்தத் தலைமுறையின் வழி.

அல்குவாரிஸ்மி போர்க்களம் கண்டவர் அல்லர். பதவிக்குப் போட்டியிட்டவரும் அல்லர். நூற்பட்டியல் தொகுத்த இப்னு அன்னதீம், பத்தாம் நூற்றாண்டில் அவரைப் பற்றி எழுதியது சில வரிகள் மட்டுமே. அல்மஃமூனின் நூலகத்தோடு இணைந்து பணியாற்றியவர், வானியல் அட்டவணைகளுக்காக மக்கள் நம்பியவர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. ஆகவே அவருடைய வாழ்க்கையை அவருடைய நூல்களில்தான் படிக்க வேண்டும்.

இந்தியா தந்த எண்கள்

அல்குவாரிஸ்மி பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கலீஃபா அல்மன்சூரின் அவைக்கு இந்தியாவிலிருந்து வானியல் நூல் ஒன்று வந்து சேர்ந்தது. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தத்தை எழுதிய பிரம்மகுப்தரின் வழியில் வந்த நூல் அது. அரபு மொழியில் அதற்கு ஸிந்துஹிந்து என்று பெயர் வழங்கியது. அல்குவாரிஸ்மி அந்த மரபை வைத்துத் தம்முடைய வானியல் அட்டவணை நூலான ஸீஜை உருவாக்கினார்.

அதைவிடப் பெரிய பணி ஒன்பது எண்களையும் பூஜ்யத்தையும் கொண்டு கணக்கிடும் இந்திய முறையை விளக்கி அவர் எழுதிய நூல். அது இந்தியர்களின் முறை என்று அவர் மறைக்காமல் சொன்னார். அதன் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. லத்தீன் வடிவமே எஞ்சியுள்ளது. அந்த லத்தீன் நூலில் அவர் பெயர் அல்கோரிட்மி என்று திரிந்தது. அந்தத் திரிபுதான் இன்றைய அல்காரிதம். நம் கைபேசியில் எந்தக் காணொளி முதலில் வர வேண்டும் என்று தீர்மானிக்கிற முறைக்கும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதரின் பெயரே வழங்குகிறது.

பூமியின் வடிவம் என்ற பொருளில் சூரத்துல் அர்ள் என்ற நிலவியல் நூலையும் அவர் எழுதினார். அதில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் உள்ளன. மத்தியதரைக் கடலின் நீளத்தைக் கிரேக்க அறிஞர் தாலமி மிகைப்படுத்தியிருந்தார். அதை அல்குவாரிஸ்மி குறைத்து, உண்மைக்கு நெருக்கமாகக் கொண்டு வந்தார். முன்னோரை மதிப்பது வேறு, அவர்களுடைய பிழையைத் திருத்தாமல் விடுவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அல்ஜப்ரு வல்முகாபலா

அவரை உலகம் மறக்காமல் இருப்பதற்குக் காரணமான நூல், அல்கிதாபுல் முக்தஸர் ஃபீ ஹிஸாபில் ஜப்ரி வல்முகாபலா. அல்மஃமூனின் ஊக்கத்தால் அதை எழுதியதாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிமையாகச் சொல்வதே தம் நோக்கம் என்றும் தெளிவாக்குகிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவையே அவர் மனதில் இருந்த தேவைகள்.

சமன்பாடுகளை அவருக்கு முன்பே பாபிலோனியர்களும் கிரேக்கர்களும் இந்தியர்களும் தீர்த்திருக்கிறார்கள். பிரம்மகுப்தர் இருபடிச் சமன்பாட்டுக்கே விதி தந்தவர். அப்படியானால் அல்குவாரிஸ்மி செய்தது என்ன? சிதறிக் கிடந்த தனித்தனிக் கணக்குகளை ஒழுங்குபடுத்தினார். எப்படிப்பட்ட கேள்வி வந்தாலும் அதைச் சுருக்கிச் சுருக்கி ஆறு வகைகளில் ஒன்றாக மாற்றிவிடலாம் என்று காட்டினார். ஒவ்வொரு வகைக்கும் தீர்வு முறை சொன்னார். கடினமான வகைகளுக்கு ஏன் அந்த முறை சரி என்று சதுரம் வரைந்து நிரூபித்தார். அதனால்தான் அது ஒரு கலையாக நின்றது.

அந்த நூலில் எக்ஸ் கிடையாது. கூட்டல் குறியோ சமக்குறியோ கிடையாது. எண்களைக்கூட அவர் சொற்களாகவே எழுதினார். தெரியாத அளவை ஷைஃ, அதாவது ஒரு பொருள் என்றும், ஜித்ர், அதாவது வேர் என்றும் அழைத்தார். அதன் வர்க்கத்துக்கு மால் என்று பெயர். மால் என்றால் செல்வம். தனி எண்ணைத் திர்ஹம் என்றார். ஒரு மாலும் பத்து வேர்களும் சேர்ந்து முப்பத்தொன்பது திர்ஹம் என்றால் வேர் எவ்வளவு என்பது அவருடைய புகழ்பெற்ற கணக்கு. விடை 3. மூன்றின் வர்க்கம் 9, பத்து மூன்று 30. இரண்டும் சேர்ந்தால் 39.

தலைப்பில் உள்ள இரண்டு சொற்களும் இரண்டு செயல்கள். ஜப்ர் என்றால் குறைந்ததை நிறைவு செய்தல், முறிந்ததைச் சேர்த்தல். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கும் அரபியில் இதே சொல்தான். ஸ்பெயினில் பிற்காலத்தில் எலும்பு வைத்தியரை அல்ஜெப்ரிஸ்தா என்று அழைத்தார்கள். கணக்கில் ஜப்ர் என்பது, ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டிருப்பதை இரு பக்கத்திலும் கூட்டி, குறையை நீக்குவது. முகாபலா என்றால் எதிரெதிரே வைத்துப் பார்த்தல். இரு பக்கத்திலும் உள்ள ஒரே வகைப் பொருளைச் சம அளவில் நீக்குவது.

மண்டிக் கணக்கில் ஜப்ர்

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி பெட்டி பெட்டியாக வருகிறது. கேரள வியாபாரிகளும் வந்து வாங்கிச் செல்கிறார்கள். அண்ணன், தம்பி இருவர் ஒரே விலைக்குத் தக்காளி விற்றதாக வைத்துக் கொள்வோம். அண்ணன் 20 பெட்டி விற்று, வண்டி வாடகை 300 ரூபாய் கொடுத்துவிட்டார். தம்பி 12 பெட்டி விற்றதோடு, பழைய பாக்கி 1,300 ரூபாயும் வாங்கினார். இப்போது இருவர் கையிலும் ஒரே தொகை இருக்கிறது. ஒரு பெட்டி என்ன விலைக்குப் போனது?

20 பெட்டி விலை − 300 = 12 பெட்டி விலை + 1,300.

அண்ணன் பக்கத்தில் 300 குறைகிறது. ஜப்ர் செய்வோம்: இரு பக்கமும் 300ஐக் கூட்டினால், 20 பெட்டி விலை = 12 பெட்டி விலை + 1,600. இப்போது இரு பக்கத்திலும் பெட்டி இருக்கிறது. முகாபலா செய்வோம்: இரு பக்கமும் 12 பெட்டியை நீக்கினால், 8 பெட்டி விலை = 1,600. ஆக ஒரு பெட்டி 200 ரூபாய். சரிபார்த்தால் அண்ணனிடம் 4,000லிருந்து 300 போக 3,700. தம்பியிடம் 2,400உம் 1,300உம் சேர்ந்து 3,700.

நம் பிள்ளைகள் இதைத்தான் பக்கம் மாறினால் குறி மாறும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். எதுவும் தானாகப் பக்கம் மாறுவதில்லை. ஒரு தட்டில் வைத்ததை மறு தட்டிலும் வைக்கிறோம். ஒரு தட்டிலிருந்து எடுத்ததை மறு தட்டிலிருந்தும் எடுக்கிறோம். தராசு சாயாமல் இருக்கிறது. அவ்வளவுதான். இதைப் புரிந்து கொண்ட பிள்ளை குறியைத் தவறவிடாது. பெட்டியையும் ரூபாயையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது என்பதும் அதற்குத் தானாகப் புரியும். ஒத்த உறுப்புகளை மட்டும் கூட்டுக என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

நூலின் மறுபாதி

அல்குவாரிஸ்மியின் நூலைப் பேசுகிற பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுபாதி முழுக்க வஸிய்யத்தும் வாரிசுரிமையும்தான். சூரத்துன் நிஸாவில் அல்லாஹ் வாரிசுகளின் பங்குகளைப் பின்னங்களாக வகுத்திருக்கிறான். பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற அந்தப் பின்னங்கள் ஒரே குடும்பத்தில் சந்திக்கும்போது கணக்கு சிக்கலாகிறது. அதோடு வஸிய்யத்தும் கடனும் சேர்ந்தால் இன்னும் சிக்கல்.

அப்பகுதியில் அவர் எடுத்துக் கொள்ளும் முதல் கணக்கே இதற்குச் சான்று. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். ரொக்கமாக 10 திர்ஹம் இருக்கிறது. ஒரு மகன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியார் ஒருவருக்குத் தந்தை வஸிய்யத் செய்திருக்கிறார். இப்போது கையில் உள்ள பத்தை எப்படிப் பிரிப்பது?

கடனில் இப்போது ஈடுகட்டப்படும் அளவை ஒரு பொருள் என்று வைக்கிறார் அல்குவாரிஸ்மி. மொத்தம் பத்தும் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போனால், மீதியில் ஒவ்வொரு மகனுக்கும் அதே மூன்றில் ஒன்று வரும். கடன்பட்ட மகனின் பங்கு, கடனில் ஈடுகட்டப்படும் அந்தப் பொருளேதான். ஆக, பத்தும் ஒரு பொருளும் சேர்ந்தது மூன்று பொருளுக்குச் சமம். இரு பக்கமும் ஒரு பொருளை நீக்கினால், பத்து என்பது இரண்டு பொருள். பொருள் ஒன்றுக்கு 5. வெளியாருக்கு 5, கடன்படாத மகனுக்கு 5 என்று ரொக்கம் பிரிகிறது. கடன்பட்ட மகனின் 5 கடனில் கழிகிறது. மீதிக் கடன் பற்றிய சட்ட விளக்கம் தனிப் பாடம். இங்கே நாம் பார்ப்பது கணக்கை மட்டுமே.

எட்டாம் வகுப்பு ஒருபடிச் சமன்பாடு இதுதான். ஆனால் இதில் தெரியாத எண்ணாக நிற்பது ஒரு மனிதனின் உரிமை.

நம் வீடுகளில் இந்தக் கணக்கு

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? சொத்துப் பிரிப்பதற்காக நம்மிடம் வருகிற குடும்பங்களில் எண்ணத்தில் நேர்மை இருந்தும் கணக்கில் தவறி விடுகிறவர்கள் உண்டு. ஒரு சென்ட் நிலமே லட்சங்களில் பேசப்படுகிற இக்காலத்தில் அந்தத் தவறு சிறியதல்ல.

ஓர் அத்தா இறந்துவிட்டார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் போக 96 லட்சம் மதிப்புள்ள சொத்து இருக்கிறது. மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, 12 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 16 லட்சம். மீதி 68 லட்சம் பிள்ளைகளுக்கு. ஒரு மகளின் பங்கை ஒரு பொருள் என்று வைத்தால், மகனுக்கு இரண்டு பொருள். இரண்டு, ஒன்று, ஒன்று. சுருக்கினால் நான்கு பொருள். நான்கு பொருள் 68 லட்சம் என்றால் ஒரு பொருள் 17 லட்சம். மகளுக்குத் தலா 17 லட்சம், மகனுக்கு 34 லட்சம். கூட்டிப் பார்த்தால் 96 சரியாக வருகிறது.

இதில் வழக்கமாக நடக்கிற பிழைகள் இரண்டு. முதலாவது, மனைவிக்குக் கொடுத்த பிறகு மீதியில் தாய்க்கு ஆறில் ஒன்று எடுப்பது. 84 லட்சத்தில் ஆறில் ஒன்று 14 லட்சம்தான். வயதான தாய்க்கு 2 லட்சம் போய்விட்டது. இரண்டாவது, மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒரு பங்கு என்று சொல்லி மீதியை மூன்றாகப் பிரிப்பது. அப்போது மகள் ஒருவருக்குக் கிடைப்பது பதினொன்றே கால் லட்சத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு மகளும் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமாக இழக்கிறாள். ஒரு மகனுக்கு இரண்டு மகள்களின் பங்கு என்பதே மார்க்கத்தின் விதி. நான்கு பொருளை மூன்று பொருளாகச் சுருக்கியது கோவையைச் சுருக்கத் தெரியாத பிழை. நோட்டில் என்றால் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். பத்திரத்தில் என்றால் ஒரு பெண்ணின் உரிமை பறிபோகிறது.

கணக்கே போடாமல் விடுகிற அநியாயமும் இருக்கிறது. கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, அதுதான் உன் பங்கு என்று சகோதரிகளிடம் சொல்லப்படுகிறது. அத்தா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுரிமைக்கு ஈடாகாது. தோட்டம் ஆண் பிள்ளைகளுக்குத்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு. மார்க்கத்தில் அப்படி ஒரு பாகுபாடு இல்லை. நாட்டின் சட்டத்திலும் 1937 ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டு வைத்திருந்தது; சென்னை மாகாணம் 1949இல் கொண்டு வந்த திருத்தம் அதையும் சேர்த்துவிட்டது.

மதரஸாக்களில் சிராஜி ஓதியவர்கள் மேற்சொன்ன கணக்கை வேறு வழியில் போடுவார்கள். எட்டுக்கும் ஆறுக்கும் பொதுவான 24ஐ அடிப்படையாக வைத்து, மீதி 17 நான்கு பங்குக்குச் சரியாகப் பிரியாததால் நான்கால் பெருக்கி 96 ஆக்குவார்கள். இதற்குத் தஸ்ஹீஹ் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சமன்பாட்டில் அடைகிற அதே இடத்துக்கு மதரஸா மாணவர் தஸ்ஹீஹ் வழியாக வந்து சேர்கிறார். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள். உலகக் கல்வி, மார்க்கக் கல்வி என்று நாம் இடையில் எழுப்பிய சுவர் அல்குவாரிஸ்மியின் நூலில் இல்லை.

அவருக்குப் பிறகு

அல்குவாரிஸ்மி கி.பி. 850 (ஹிஜ்ரி 236) வாக்கில் காலமானார். அவருடைய நூல் வாழ்ந்தது. எகிப்தின் அபூ காமில் அதை விரித்தார். உமர் கய்யாம் முப்படிச் சமன்பாடு வரை அக்கலையைக் கொண்டு சென்றார். 1145இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் ராபர்ட் ஆஃப் செஸ்டர் என்ற ஆங்கிலேயர் அந்த நூலை லத்தீனுக்கு மாற்றினார். அதே நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டும் மொழிபெயர்த்தார். இவற்றின் வழியே ஐரோப்பா இக்கலையைக் கற்றது. எக்ஸ் போன்ற குறியீடுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் சேர்ந்தவை. 1831இல் ஃபிரெடரிக் ரோசன் லண்டனில் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார். 1983இல் சோவியத் நாடு அவருடைய 1200ஆவது பிறந்த ஆண்டுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

இந்தியாவின் எண்கள் பாக்தாத் போய், பாக்தாதின் அல்ஜப்ரு ஐரோப்பா போய், இன்று தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்கணிதமாக நம் பிள்ளைகளின் கைக்குத் திரும்பியிருக்கிறது. அல்ஜீப்ரா எங்களுடையது என்று மேடையில் பெருமை பேசுவதால் மட்டும் அந்த அறிஞருக்கு மரியாதை சேராது. பெயருக்கு உரிமை கொண்டாடுகிற நம் வீட்டில், பாகப்பிரிவினை அன்று தங்கையின் பங்கு குறைந்தால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

பெற்றோர்கள் செய்ய வேண்டியது எளிது. கணக்கு வராது என்று எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கைவிடாதீர்கள். தராசையும் தக்காளிப் பெட்டியையும் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். மக்தப் நடத்தும் உஸ்தாதுமார்கள் பெரிய பிள்ளைகளுக்கு மாதம் ஒரு வாரிசுரிமைக் கணக்கையாவது பலகையில் போட்டுக் காட்டலாம். பெண் பிள்ளைகளுக்கு அதை அவசியம் கற்றுக் கொடுக்க வேண்டும். தன் பங்கைத் தானே கணக்கிடத் தெரிந்தவளை ஏமாற்றுவது கடினம். சொத்து வைத்திருப்பவர்கள் கடனையும் வரவையும் எழுதி வையுங்கள். பாகம் பிரிக்கும்போது எல்லா வாரிசுகளின் முன்னிலையிலும் காகிதத்தில் கணக்கைப் போட்டு, கூட்டுத்தொகை சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உரியவருக்கு உரியதைக் குறைவின்றிக் கொடுக்கும் நேர்மையையும், அதைச் சரியாகக் கணக்கிடும் அறிவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.